காமாக் கதிர் வெடிப்பு: எங்கிருந்து வந்தது அந்த ஒளி?



இரவு வானத்தை அண்ணாந்து பார்க்கும்போது அது அமைதியின் உறைவிடம் போலவே நமக்குத் தோன்றுகிறது. நேற்று இருந்த இடத்திலேயே இன்றும் விண்மீன்கள் மின்னுகின்றன. ஆனால் இந்த அமைதி நம் கண்ணுக்கு மட்டுமே உரியது. காமாக் கதிர்களைக் காணும் கண் நமக்கு இருந்திருந்தால், ஏறத்தாழ நாளுக்கு ஒரு முறை, வானத்தின் ஏதோ ஒரு மூலையில், கண்ணைப் பறிக்கும் ஓர் ஒளி தோன்றிச் சில விநாடிகளில் மறைவதைக் கண்டிருப்போம். அதுவே காமாக் கதிர் வெடிப்பு.

அந்த ஒளி எங்கிருந்து வருகிறது? இந்த ஒரு கேள்விக்கு விடை காண அறிஞர்களுக்கு முப்பது ஆண்டுகள் ஆயின. அந்த விடையைத் தேடிய வரலாற்றையும், அதில் நம் பாரத நாட்டின் பங்கையும் இக்கட்டுரையில் காண்போம்.

காமாக் கதிர் என்பது யாது?

வானொலிப் பெட்டிக்கு வரும் அலை, அடுப்பின் வெப்பக் கதிர், நாம் காணும் ஒளி, புற ஊதாக் கதிர், ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவைப் படம் பிடிக்கும் எக்ஸ் கதிர், இவையாவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. எல்லாம் விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் செல்பவை. அலை நீளம் குறையக் குறைய ஆற்றல் கூடும். அக்குடும்பத்தில் மிகக் குறைந்த அலை நீளமும் மிகுந்த ஆற்றலும் உடையது காமாக் கதிர்.

விண்ணிலிருந்து வரும் காமாக் கதிர்கள் தரையை எட்டுவதில்லை. நம் தலைக்கு மேலுள்ள காற்று மண்டலம் அவற்றைத் தடுத்துவிடுகிறது. உயிர்களுக்கு அது பெரும் பாதுகாப்பு. ஆனால் ஆராய்ச்சியாளருக்கோ அது ஒரு திரை. ஆகவே காமாக் கதிரை நேரடியாகக் காண வேண்டுமானால் காற்று மண்டலத்தைக் கடந்து கருவியை அனுப்பியாக வேண்டும்.

தேடியது ஒன்று, கிடைத்தது வேறு

1963-ஆம் ஆண்டில் விண்வெளியிலும், காற்று மண்டலத்திலும், கடலடியிலும் அணுகுண்டுச் சோதனை செய்யக் கூடாது என்று ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. அதனை எவரேனும் மீறுகிறார்களா என்று கண்காணிக்க அமெரிக்கா ‘வேலா’ என்னும் செயற்கைக்கோள்களை அனுப்பியது. அணுகுண்டு வெடித்தால் காமாக் கதிர் வெளிப்படும் அல்லவா? அதனைப் பிடிக்கும் கருவிகள் அவற்றில் இருந்தன.

1967-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் நாள் அக்கருவிகளில் ஒரு காமாக் கதிர்த் துடிப்புப் பதிவாயிற்று. ஆனால் அது அணுகுண்டின் தன்மையோடு பொருந்தவில்லை. பின்னர் மேலும் பல துடிப்புகள் பதிவாயின. ஒன்றுக்கு மேற்பட்ட செயற்கைக்கோள்கள் அவற்றைப் பதிந்த நேரங்களை ஒப்பிட்டபோது, அவை பூமியிலிருந்தும் வரவில்லை, சூரியனிலிருந்தும் வரவில்லை என்பது தெளிவாயிற்று. 1973-இல் கிளெபசாடல், ஸ்ட்ராங், ஓல்சன் என்ற மூவரும் இச்செய்தியை உலகுக்கு வெளியிட்டனர்.

பூமியின் குண்டைத் தேடியவர்களுக்கு வானத்தின் வெடிப்பு கிடைத்தது! ஆனால் வானத்தில் எங்கே? அருகிலா, தொலைவிலா? எவராலும் சொல்ல இயலவில்லை.

இடம் காண்பது ஏன் கடினம்?

சாதாரணத் தொலைநோக்கி ஒளியை ஆடியால் குவித்துப் படமாக்குகிறது. காமாக் கதிரோ ஆடியில் பட்டுத் திரும்பாமல் அதனை ஊடுருவிச் சென்றுவிடும். அதனைக் குவிக்க முடியாத காரணத்தால், ‘கதிர் வந்தது’ என்று கருவி சொல்லும்; ‘இந்தத் திசையிலிருந்து வந்தது’ என்று எளிதில் சொல்லாது. வெடிப்பு எப்போது, எங்கே தோன்றும் என்பதும் முன்கூட்டித் தெரியாது. தோன்றினாலும் சில விநாடிகளில் மறைந்துவிடும். இத்தனை இடர்ப்பாடுகளையும் வெல்ல அறிஞர்கள் கண்ட வழிகளில் மூன்றை இங்கே பார்ப்போம்.

முதல் வழி: நேர வேறுபாடு

மலையில் பெருமழை பெய்து தாமிரபரணியில் வெள்ளம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அது முதலில் பாபநாசத்தையும், அடுத்து அம்பாசமுத்திரத்தையும், அதன் பின் சேரன்மகாதேவியையும் கடந்து, கடைசியாக நம் வண்ணார்பேட்டைப் பாலத்தடிக்கு வந்து சேர்கிறது. ஆற்றையே பார்த்திராத ஒருவரிடம் இந்நான்கு ஊர்களிலும் வெள்ளம் வந்த நேரத்தை மட்டும் சொன்னால் போதும். வெள்ளம் மேற்கேயிருந்து வந்தது என்று அவர் கூறிவிடுவார்.

காமாக் கதிர் வெடிப்புக்கும் இதே முறைதான். ஒன்றுக்கொன்று தொலைவிலுள்ள விண்கலங்கள் வெடிப்பைப் பதிந்த நேரங்களை ஒப்பிட வேண்டும். ஒரு கணக்கைச் செய்து பார்ப்போமா?

1994-இல் ஏவப்பட்ட ‘விண்ட்’ என்னும் விண்கலம் பூமியிலிருந்து சூரியன் இருக்கும் பக்கமாக ஏறத்தாழ 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நிலைகொண்டது. ஒளி அத்தொலைவைக் கடக்க 15,00,000 ÷ 3,00,000 = 5 விநாடி ஆகும். ஒரு வெடிப்பு விண்டில் பதிவாகி, சரியாக 5 விநாடி கழித்துப் பூமியருகே உள்ள செயற்கைக்கோளில் பதிவானால், அது விண்ட் இருக்கும் திசையிலிருந்தே வந்தது. இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிவானால், அத்திசைக்குச் செங்குத்தாக வந்தது. வேறுபாடு 2.5 விநாடியானால்? 2.5 ÷ 5 = 1/2. கோசைன் மதிப்பு 1/2 ஆகும் கோணம் 60 பாகை என்று பத்தாம் வகுப்பு மாணவியர் அறிவர். ஆகவே விண்ட் இருக்கும் திசையிலிருந்து 60 பாகை விலகிய ஓர் இடத்தில் வெடிப்பு நிகழ்ந்திருக்கிறது.

ஆனால் 60 பாகை விலகிய இடம் ஒன்றல்ல. வானத்தில் வரைந்த ஒரு வட்டம் முழுவதும் அத்தகைய இடங்களே. மூன்றாவது விண்கலம் ஒன்றும் பதிந்திருந்தால் இன்னொரு வட்டம் கிடைக்கும். இரு வட்டங்களும் வெட்டிக்கொள்ளும் புள்ளிகள் இரண்டு. வேறொரு சான்றைக் கொண்டு அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ‘முக்கோண விகிதங்களைப் படித்து என்ன பயன்?’ என்று கேட்கும் மாணவியருக்கு இதுவும் ஒரு விடை.

இரண்டாம் வழி: நிழல்

கம்பி போட்ட ஜன்னல் வழியாக வகுப்பறையில் வெயில் விழுவதைக் கவனியுங்கள். கம்பிகளின் நிழல் காலையில் ஓரிடத்திலும் நண்பகலில் வேறோரிடத்திலும் விழுகிறது. சூரியனைப் பாராமலே, தரையில் விழும் நிழலை மட்டும் பார்த்துச் சூரியன் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

காமாக் கதிரைக் குவிக்க முடியாவிட்டாலும் கனமான உலோகத் தகட்டால் ஓரளவு மறைக்க முடியும். எனவே உணர்கருவிக்கு மேலே துளைகள் பல இட்ட ஒரு தகட்டைப் பொருத்துகிறார்கள். துளைகள் ஒரே சீராக இராமல் ஒரு கணக்குப்படி அமைந்திருக்கும். கதிர் வரும் திசைக்கு ஏற்பக் கருவியின் மேல் நிழற்கோலம் மாறும். கோலத்தைக் கண்டு திசையைக் கணிப்பது கணிப்பொறியின் வேலை.

மூன்றாம் வழி: பின்னொளி

தீபாவளி வாணம் வெடித்து மறைந்த பின்னும் சிறிது நேரம் புகை நிற்பதைப் போல, காமாக் கதிர் மறைந்த பின்னும் வெடிப்பு நிகழ்ந்த இடத்தில் எக்ஸ் கதிரும், ஒளியும், ரேடியோ அலையும் மெல்ல மெல்ல மங்கிக்கொண்டே இருக்கும். இதற்குப் பின்னொளி என்று பெயர். சில மணி நேரம், சில நாள், ரேடியோ அலையானால் பல மாதங்கள்கூட அது நீடிக்கும். முதல் இரு வழிகளால் ஏறத்தாழ இன்ன இடம் என்று அறிந்ததும், தரையிலுள்ள தொலைநோக்கிகள் அங்கே திரும்பிப் பின்னொளியைத் தேடுகின்றன. அது கிடைத்துவிட்டால் இடம் ஐயமின்றித் தெரிந்துவிடும்.

1997-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் இது முதன்முதலாகக் கைகூடியது. இத்தாலி, நெதர்லாந்து நாடுகளின் ‘பெப்போசாக்ஸ்’ செயற்கைக்கோள் வெடிப்பின் எக்ஸ் கதிர்ப் பின்னொளியைக் கண்டது. கானரித் தீவுகளிலுள்ள தொலைநோக்கி அதே இடத்தில் மங்கிவரும் ஒளியைப் படம் பிடித்தது. அதே ஆண்டு மே 8-ஆம் நாள் தோன்றிய மற்றொரு வெடிப்பின் ஒளியைப் பகுத்துப் பார்த்தபோது, அது பல நூறு கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பாலிருந்து வந்தது தெரிந்தது. முப்பதாண்டுப் புதிர் விடுபட்டது! இவ்வெடிப்புகள் நம் பால்வெளி மண்டலத்தைச் சேர்ந்தவையல்ல. பேரண்டத்தின் தொலைதூர மண்டலங்களைச் சேர்ந்தவை.

அவ்வளவு தொலைவிலிருந்தும் இவ்வளவு பிரகாசமாகத் தெரிகிறதென்றால் அதன் ஆற்றல் எத்தகையது! நம் சூரியன் தன் வாழ்நாள் முழுவதும் வெளியிடும் ஆற்றலுக்கு ஒப்பானதைச் சில விநாடிகளில் வெளியிடும் வெடிப்புகள் உண்டு. கிரேக்க நாட்டில் பிறந்த கிறிசா கூவெலியோட்டு என்ற பெண் விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் 1993-இல் இவ்வெடிப்புகளை இரு வகையாகப் பிரித்துக் காட்டினர். 2 விநாடிக்குக் குறைந்தவை ஒரு வகை. அதற்கு மேற்பட்டவை மற்றொரு வகை. நீண்டவற்றுள் பெரும்பாலானவை மிகப் பெரிய விண்மீன் தன் எரிபொருள் தீர்ந்து உள்ளிடிந்து விழும்போது தோன்றுகின்றன. குறுகியவை நியூட்ரான் விண்மீன்கள் இரண்டு மோதி ஒன்றாகும்போது தோன்றுகின்றன.

பாரதத்தின் கண்கள்

1994-ஆம் ஆண்டு மே 4-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ‘ஸ்ராஸ்-சி2’ என்ற சிறிய செயற்கைக்கோளிலேயே காமாக் கதிர் வெடிப்பைப் பதியும் கருவியை நம் அறிஞர்கள் வைத்து அனுப்பியிருந்தனர். 2015-ஆம் ஆண்டு செப்டம்பர் 28-ஆம் நாள், வானியலுக்கெனவே அமைந்த நம் முதற் செயற்கைக்கோளான ‘அஸ்ட்ரோசாட்’ விண்ணை எட்டியது. பூமிக்கு மேலே ஏறத்தாழ 650 கிலோமீட்டர் உயரத்தில் அது சுற்றத் தொடங்கியது. அதைச் சுமந்து சென்றது பி.எஸ்.எல்.வி. ராக்கெட். அவ்வகை ராக்கெட்டின் திரவ எரிபொருள் என்ஜின்களைச் சோதிக்கும் இடம் நம் மாவட்டத்து மகேந்திரகிரி என்பது நமக்குப் பெருமையல்லவா?

அஸ்ட்ரோசாட்டிலுள்ள கருவிகளில் ஒன்று ‘சி.இசட்.டி.ஐ.’ என்பது. காட்மியம், துத்தநாகம், டெல்லூரியம் ஆகிய மூன்றும் சேர்ந்த படிகத்தால் ஆன உணரிகள் 64 அதில் உண்டு. ஒவ்வோர் உணரியிலும் 256 சிறு கட்டங்கள். ஆக மொத்தம் 16,384 கட்டங்கள்! மேலே, முன்பு சொன்ன துளைத் தகடு இருக்கிறது. குறைந்த ஆற்றலுள்ள கதிர்களுக்கு இத்தகடு நிழலிட்டுத் திசை காட்டும். மிகுந்த ஆற்றலுள்ள கதிர்களோ தகட்டையும் பக்கச் சுவர்களையும் ஊடுருவிவிடும். இது குறையாகத் தோன்றினாலும் நன்மையாகவே முடிந்தது. எப்பக்கத்திலிருந்து வெடிப்பு வந்தாலும், பூமி மறைக்காத வரையில், கருவி அதனை உணர்ந்துவிடுகிறது. கருவியை இயக்கிய முதல் நாளான 2015 அக்டோபர் 6 அன்றே ஒரு வெடிப்புப் பதிவாயிற்று. 2023-ஆம் ஆண்டு முடிவதற்குள் அந்த எண்ணிக்கை 600-ஐ எட்டியது.

தரையிலும் நமக்குக் கண்கள் உண்டு. லடாக்கிலுள்ள ஹான்லே என்னுமிடத்தில், கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரத்தில், இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வான் ஆய்வகம் இருக்கிறது. நம் தமிழ்நாட்டின் காவலூர் ஆய்வகத்தை நடத்தும் நிறுவனமே அதனையும் நடத்துகிறது. அங்குள்ள 2 மீட்டர் தொலைநோக்கியைப் பெங்களூரை அடுத்த ஹொசகோட்டையில் இருந்துகொண்டே செயற்கைக்கோள் வழியாக இயக்குகிறார்கள். 2018-இல் அங்கே 70 சென்டிமீட்டர் ஆடி கொண்ட ‘குரோத் இந்தியா’ தொலைநோக்கியும் நிறுவப்பட்டது. மும்பை ஐ.ஐ.டி.யும் வானியற்பியல் நிறுவனமும் சேர்ந்து அமைத்த அது, அருகில் ஆளின்றித் தானாகவே இயங்கவல்லது.

நில வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். ஹான்லே நம் திருநெல்வேலிக்கு ஏறத்தாழ நேர் வடக்கே, சுமார் 2,700 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. மேற்கே கானரித் தீவுகளுக்கும் கிழக்கே ஆஸ்திரேலியாவின் கீழ்க்கரைக்கும் நடுவே அமைந்திருப்பதால், அங்கெல்லாம் பகலாக இருக்கும் வேளைகளிலும் நம் ஹான்லேயில் இரவு இருக்கும். ஆகவே மங்கிவரும் பின்னொளியை உலகம் தவறவிடாமல் தொடர ஹான்லே ஓர் இன்றியமையாத காவல் நிலையம்.

பூனாவுக்கு வடக்கே கோடத் கிராமத்தருகே 45 மீட்டர் விட்டமுள்ள 30 கிண்ணங்களைக் கொண்ட ரேடியோத் தொலைநோக்கியும் பின்னொளியின் ரேடியோ அலைகளைத் தேடுவதுண்டு. இத்துறையில் புகழ்பெற்ற நம் நாட்டுப் பெண் விஞ்ஞானி பூனம் சந்திரா. அவர் டேல் ஃப்ரெயில் என்பவருடன் சேர்ந்து, 304 வெடிப்புகளின் ரேடியோப் பதிவுகளைத் தொகுத்து ஆராய்ந்து 2012-இல் வெளியிட்டார். அவற்றுள் ஏறத்தாழ மூன்றில் ஒன்றிலேயே ரேடியோப் பின்னொளி கிடைத்திருந்தது. கிடைக்காதவற்றையும் கிடைத்தவற்றோடு சேர்த்து எண்ணி எழுதுவதுதான் ஆராய்ச்சியின் நேர்மை.

இடம் தவறினால் உண்மையும் தவறும்

‘எங்கோ நடந்த வெடிப்பின் இடத்தை இத்தனை துல்லியமாக அறிவதால் என்ன?’ என்று சிலர் கேட்கலாம். 2017-ஆம் ஆண்டு தொடக்கத்தில் நடந்தது இதற்குத் தக்க விடை.

அவ்வாண்டு ஜனவரி 4-ஆம் நாள், இரு கருந்துளைகள் மோதி ஒன்றானதால் எழுந்த ஈர்ப்பலையை அமெரிக்காவின் ‘லைகோ’ ஆய்வகம் உணர்ந்தது. அது வானத்தில் ஆயிரம் சதுர பாகைக்கும் மேற்பட்ட பரப்பில் எங்கோ நிகழ்ந்தது என்றுதான் சொல்ல முடிந்தது. முழுநிலாக்கள் ஐயாயிரத்தை அடுக்கினாலும் நிரம்பாத பரப்பு அது! அப்பரப்பைத் துழாவிய ஹவாய்த் தீவின் ‘அட்லஸ்’ தொலைநோக்கி, வேகமாக மங்கிவரும் ஓர் ஒளியைக் கண்டது. உலகெங்கும் பரபரப்பு. கருந்துளைகள் மோதினால் ஒளி வராது என்றல்லவா எண்ணியிருந்தோம்? இது அதன் ஒளியானால் பாடப் புத்தகங்களையே மாற்றி எழுத வேண்டுமே!

அப்போது நம் அஸ்ட்ரோசாட்டின் பதிவுகளை அறிஞர்கள் புரட்டினர். ஈர்ப்பலை வந்த நேரத்தில் காமாக் கதிர் எதுவும் பதிவாகவில்லை. ஆனால் மறுநாள், ஜனவரி 5-இல், ஒரு காமாக் கதிர் வெடிப்புப் பதிவாகியிருந்தது. வேறு சில விண்கருவிகளும் அதனைப் பதிந்திருந்தன. ஹவாயில் கண்ட ஒளி மங்கும் வேகத்தைக் கொண்டு பின்னோக்கிக் கணக்கிட்டபோது, அது தொடங்கிய நேரம் இவ்வெடிப்பின் நேரத்தோடு பொருந்தியது. கருந்துளைகள் மோதிய நேரத்தோடு பொருந்தவில்லை. ஆக, ஒரே திசையில் தோன்றிய போதிலும் அவை இரண்டும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை. மும்பை ஐ.ஐ.டி.யின் வருண் பாலேராவும் அவருடன் உழைத்தவர்களும் இதனை நிலைநாட்டினர். அந்த வெடிப்பின் பெயர் ஜி.ஆர்.பி. 170105ஏ. பெயரிலேயே ஆண்டும் மாதமும் நாளும் இருப்பதைக் கவனியுங்கள். அந்தப் பதிவு இல்லாதிருந்தால், தொடர்பற்ற ஓர் ஒளியைக் கருந்துளைகளின் கணக்கில் எழுதிப் பெரும் பிழையை உலகம் உண்மையென்று ஏற்றிருக்கக்கூடும்.

அதே ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் நாள் நேர்மாறான ஒன்று நிகழ்ந்தது. இரு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய ஈர்ப்பலை வந்தது, 1.7 விநாடி கழித்து ‘ஃபெர்மி’ செயற்கைக்கோளில் காமாக் கதிர் பதிவாயிற்று. இம்முறை இரண்டும் மெய்யாகவே ஒரே நிகழ்ச்சி! சில மணி நேரத்தில் சிலி நாட்டுத் தொலைநோக்கி, 13 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஒரு விண்மீன் மண்டலத்தில் அதன் ஒளியைக் கண்டுபிடித்தது. அஸ்ட்ரோசாட் அதனைக் காணவில்லை. ஏனெனில் அப்போது அத்திசையைப் பூமி மறைத்திருந்தது. ஆனால் காணாததும் ஒரு செய்தியாயிற்று. காணவில்லையென்றால் வெடிப்பு பூமி மறைத்த பகுதியில்தான் இருந்திருக்க வேண்டும் என்று, தேட வேண்டிய பரப்பைக் குறுக்க அது துணைபுரிந்தது.

தரைக்கு எட்டும் தடயங்கள்

காமாக் கதிர் தரைக்கு வராது என்றோம். எனினும் மிக மிக ஆற்றல் வாய்ந்த கதிர் காற்றில் மோதும்போது நுண்துகள் மழையொன்று தோன்றி, கண நேர நீல ஒளி எழுகிறது. அதைப் பிடிக்கும் தொலைநோக்கிகள் உண்டு. 2019 ஜனவரி 14-இல் தோன்றிய வெடிப்பை அவ்வகையில் கானரித் தீவுகளின் ‘மேஜிக்’ தொலைநோக்கிகள் ஏறத்தாழ ஒரு நிமிடத்திற்குள் திரும்பிப் பார்த்துப் பதிவு செய்தன. அதே முறையில் இயங்கும் ‘மேஸ்’ என்ற 21 மீட்டர் தொலைநோக்கியை நம் நாடு ஹான்லேயில் அமைத்து 2024 அக்டோபரில் திறந்து வைத்தது.

2022 அக்டோபர் 9-இல், ஏறத்தாழ 190 கோடி ஆண்டுகள் பயணம் செய்து வந்த ஒரு வெடிப்பின் ஒளி பூமியை அடைந்தது. அதுவரை பதிவானவற்றுள் மிகப் பிரகாசமானது அதுவே. நம் தலைக்கு மேலுள்ள அயனி மண்டலத்தையே அது கலக்கியது. அந்த அயனி மண்டலத்தை ஆராயும் நிலையம் ஒன்று நம் பாளையங்கோட்டைக்கு அருகே கிருஷ்ணாபுரத்தில் இருக்கிறது. புவிகாந்த நடுக்கோடு நம் தென்பகுதிக்கு அண்மையில் செல்வதே இங்கு அதனை அமைத்ததற்குக் காரணம். பேரண்டத்தின் மறுகோடியில் நிகழ்வதும் நம் ஊர் வானமும் தொடர்பற்றவையல்ல என்பதை இதனால் உணரலாம்.

நாம் பெறும் பாடம்

மாணவியரே, ஒரு கருவி மட்டும் கண்டது ஒரு கண நேர மினுக்கம். பல கருவிகள் கண்டதைச் சேர்த்து வைத்தபோதே அது அறிவாக மலர்ந்தது. இடம் கண்டவர் அதைத் தமக்கென மறைத்து வைத்திருந்தால் பின்னொளி மங்கி மறைந்திருக்கும். அதனால்தான் ஒரு நாட்டின் செயற்கைக்கோள் கண்ட இடம் சில நிமிடங்களிலேயே உலகெங்கும் அறிவிக்கப்படுகிறது. கண்டதைச் சரியான நேரத்தோடு குறித்து வைத்தல், காணாததையும் காணவில்லை என்றே எழுதுதல், உடனே பிறரோடு பகிர்தல் என்னும் இம்மூன்றும் ஆய்வுக்கூடப் பதிவேட்டில் நாம் இன்றே பழகக்கூடியவை. நாளை ஹான்லேயின் தொலைநோக்கியைத் திருப்பும் கை நம் பள்ளி மாணவி ஒருத்தியின் கையாக ஏன் இருக்கக் கூடாது?

சிந்திக்க:

1. விண்ட் விண்கலத்திற்கும் பூமிக்கும் இடையே நேர வேறுபாடு 4 விநாடியானால் கோசைன் மதிப்பு என்ன? கோணம் 60 பாகையை விடக் கூடுமா, குறையுமா?

2. வகுப்பறை ஜன்னல் நிழலைக் காலை, நண்பகல், மாலை மூன்று வேளையும் தரையில் சுண்ணக்கட்டியால் குறியுங்கள். நிழல் நகர்ந்த திசைக்கும் சூரியன் நகர்ந்த திசைக்கும் உள்ள உறவை எழுதுங்கள்.

3. காமாக் கதிர்த் தொலைநோக்கியைக் காவலூர் மலையில் வைக்காமல் செயற்கைக்கோளில் வைப்பது ஏன்?

விடைகளை எழுதி இயற்பியல் ஆசிரியையிடம் காட்டுக.